பதினொன்றாவது குறை

மார்ச் 4

சின்னவளுக்கு,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். கேட்க மனசு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று வங்கியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. எங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட வீட்டை யாரோ விலைக்குக் கேட்டிருக்கிறார்களாம். வங்கி சொன்ன விலையில் கால் பங்கைக் குறைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஏன் குறைத்தார்கள் என்பதற்கு ஒரு பட்டியலும் இருக்கிறது. கேட்டவர் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுப் பட்டியலின் நகலை எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதினொரு குறைகள். எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே பழுதுபார்க்கும் செலவும் எழுதியிருக்கிறது.

உன் அத்தான்தான் உரக்கப் படித்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று, சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் துருப்பிடித்திருக்கிறது. இரண்டு, முன்கதவு நிலையைக் கரையான் அரித்திருக்கிறது. படிக்கப் படிக்க அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "யாரோ கைதேர்ந்த இன்ஜினியர் போலிருக்கு. வீட்டை எக்ஸ்ரே எடுத்த மாதிரி எழுதியிருக்கான் பாரேன்" என்றார்.

ஆறாவது வரிக்கு என் கத்தி நின்றது. 'மாடிப்படியின் மூன்றாம் படி அருகே சுவர் உள்ளுக்குள் ஊறியிருக்கிறது. காலண்டர் மாட்டி மறைத்திருந்தார்கள்.'

காலி வீட்டில் காலண்டர் ஏது? நான் அதைக் கழற்றிக்கொண்டு வந்து எட்டு மாசம் ஆகிறது. எந்த இன்ஜினியருக்கு அது தெரியும்? எட்டாவது: 'சாய்மழை அடித்தால் மேல் அறை ஜன்னல் வழியே தண்ணீர் இறங்கிக் கீழே மின்பெட்டி வரை வரும்.' மழை பெய்தே மூன்று மாசமாகிறது. வந்து பார்த்தவன் எப்படிப் பார்த்தான்?

இதெல்லாம் துணி மடித்துக்கொண்டே நான் உன்னிடம் புலம்பியவை. வீட்டைக் கட்டிக் கொடுத்த மேஸ்திரியைத் திட்டித் திட்டிச் சொன்னவை. அக்கா வயிற்றெரிச்சலில் கொட்டியதைப் பொறுக்கி, எண் போட்டு, வங்கியில் கொடுத்திருக்கிறாய். எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்பார்கள். பிடுங்குகிறவள் கூடப் பிறந்தவளாக இருப்பாள் என்று அந்தப் பழமொழியில் இல்லை.

இன்னொன்று சொல்கிறேன், காதைத் திறந்துவைத்துக் கேள். வங்கி வீட்டை விற்று வரும் பணத்தை எங்கள் கடனில் கழிக்கும். கழித்தது போக மிச்சத்தை நாங்கள்தான் கட்ட வேண்டும். அவர்கள் சொன்ன விலைக்கே போயிருந்தால் கடன் சரியாகத் தீர்ந்திருக்கும். நீ குறைத்த கால் பங்கு வங்கிக்காரன் சட்டைப்பையிலிருந்து போகவில்லை. எங்கள் தலையில் வந்து உட்காருகிறது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் எனக்குக் கிடைக்கிற சம்பளத்தில், சாப்பாடு வாடகை போக, அதைக் கட்டி முடிக்க ஒன்பது வருஷம். அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. வீடும் போய், வீட்டுக்கான கடன் மட்டும் கூடவே இருக்கும்.

ஆட்சேபம் இருந்தால் எழுதச் சொல்லி வங்கி நாள் கொடுத்திருக்கிறது. அவர்களுக்கு எழுதுவதற்கு முன்னால் உனக்கு எழுதுகிறேன். அத்தானிடம் நீதான் என்று சொல்லவில்லை.

போன் செய்யாதே. போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், கீழே டயர் கடைக்காரர் மேலே ஏறி வந்து என்னம்மா ஆச்சு என்பார். எழுது.

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்துக்கு எடுத்துப்போய், மற்றவர்கள் சாப்பிடப் போனபின் படித்தேன். முன்னால் ஒரு பெரியவரின் கீழ்த்தாடை அச்சு இருந்தது. அவருடைய பல்செட்டுக்கு மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்துப் பார்த்தால் மெழுகு இறுகிவிட்டது, ஒரு கடைவாய்ப்பல் கோணலாக நின்றது. உருக்கி, முதலிலிருந்து செய்தேன்.

ஆமாம். நான்தான்.

மிச்சக் கடன் விஷயம் எனக்குத் தெரியாது. வங்கி எடுத்துக்கொண்டால் வீட்டோடு கடனும் போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். தரகர் வேறு, "மேடம், வங்கி வீட்டை வாங்கறதுல யார் வயித்துலயும் அடிக்கல. வங்கிக்கு மனசாட்சி கிடையாது, அதனால நமக்கும் வேண்டாம். எவ்வளவு குறை எழுதறீங்களோ அவ்வளவு விலை குறையும். இருக்கிற நிலையிலயே எடுத்துக்கணும்னு அவங்க சொல்றப்ப, இருக்கிற நிலைய நாம எழுத வேண்டியதுதானே" என்றார். முகமில்லாத ஏதோ ஒன்றோடு பேரம் பேசுகிறேன் என்று நினைத்தேன். உன்னிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீயும் கொஞ்சம் கேள், அக்கா. எனக்கு ஏன் தெரியவில்லை? நீ சொல்லாததால். வீட்டை அடமானம் வைத்து அத்தான் ஐஸ் ஃபேக்டரி போட்டதைச் சொல்லவில்லை. அது கரைந்ததைச் சொல்லவில்லை. தவணை நின்றதைச் சொல்லவில்லை. நான் கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துத் தெரிந்துகொண்டேன், கையில் உனக்கு வாங்கிய பழப்பையோடு. நீ கதவைத் திறந்து, "அது ஒண்ணுமில்ல, வரி சம்பந்தமா ஏதோ ஒட்டிட்டுப் போயிருக்கான்" என்றாய். நான் படிக்கத் தெரியாதவளா? என் முன்னால் நின்று அவ்வளவு சாதாரணமாகப் பொய் சொன்னாய்.

காலி செய்த அன்று வேன் பிடித்துக்கொண்டு வந்தேன். "ஆளுங்க இருக்காங்க, நீ கிளம்பு" என்று அனுப்பினாய். ஆள் யாரும் இல்லை. தெருமுனையில் நின்று பார்த்தேன். நீ ஒரு பக்கம், அத்தான் ஒரு பக்கம் பீரோவைப் பிடித்து, நாலு எட்டுக்கு ஒரு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கினீர்கள். வேன்காரர் "போலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார். அதற்குப் பிறகு எட்டு மாசம் நீ என் போனை எடுக்கவில்லை. கூடப் பிறந்தவளைப் பற்றி நீ பேசுகிறாய்.

வீட்டை உனக்காகத்தான் கேட்டேன். வங்கியின் விற்பனைப் பட்டியலில் அந்தத் தெருப் பெயரைப் பார்த்ததும் தரகருக்குப் போன் செய்தேன். கீழ்த்தளம் உனக்கும் அத்தானுக்கும், மாடி எனக்கு. வாடகை என்ற பேச்சே இல்லை. குறைந்த விலைக்கு வந்தால்தான் எனக்குக் கடன் கிடைக்கும், அதனால்தான் பட்டியல். எல்லாம் முடிந்து சாவி கைக்கு வந்தபின் உன்னிடம் சொல்லலாம் என்று இருந்தேன். அப்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது அவ்வளவு பெரிய குற்றமா?

வங்கியில் போய் விசாரிக்கிறேன். அதுவரை ஆட்சேபம் எழுதாதே.

உன்
சின்னவள்

*

மார்ச் 14

சின்னவளுக்கு,

எனக்காகவா? உன்னை யார் கேட்டது?

கீழ்த்தளம் எனக்கு, வாடகை வேண்டாம். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். வாடகை வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? ஒரு ஆணி அடிக்க உன் முகத்தைப் பார்க்க வேண்டும். விருந்தாளி வந்தால் உனக்குத் தெரிய வேண்டும். குழாய் ஒழுகினால் உன்னிடம் சொல்லவும் கூச்சம், சொல்லாமல் இருக்கவும் பயம். நான் நிறம் பார்த்து அடித்த சுவருக்குள் நான் பூனை மாதிரி நடக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "திரும்ப வந்துட்டீங்களா, பரவால்லையே, எப்படி?" என்று கேட்டால் நான் என்ன சொல்லட்டும்? தங்கச்சி போட்ட பிச்சை என்றா?

இங்கே இரண்டே அறை. கீழே டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். படியெல்லாம் ரப்பர் நாற்றம். ஆனால் முதல் தேதி பணத்தை நீட்டுகிறேன், ரசீது வாங்குகிறேன். போன வாரம் தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். "அக்கா, அக்கா, கோவிச்சுக்காதீங்க, சாயங்காலத்துக்குள்ள சரி பண்றேன்" என்று கும்பிட்டார். அந்த ரசீதுக்கு இருக்கிற மரியாதை உன் கீழ்த்தளத்துக்கு வராது.

வேன் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், அனுப்பிவிட்டேன். பெரிய வேனாகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாய், நல்ல மனசோடு. எங்களிடம் மிச்சமிருந்த சாமானுக்கு அதில் பாதி போதும். மற்றதெல்லாம் அதற்கு முன்பே ஒவ்வொன்றாக விற்றாயிற்று. அந்த வேனின் பாதி காலியாக இருப்பதை நீ நின்று பார்ப்பாய். அதை என்னால் தாங்க முடியாது. அவ்வளவுதான் காரணம். சந்தோஷமா?

வங்கி அதிகாரியம்மா நேற்று பேசினார். இன்னொருவரும் வீட்டைக் கேட்டிருக்கிறார். லாரி ஓட்டுகிறவர், மனைவி தையல் வேலை, மூன்று பிள்ளைகள். வங்கி சொன்ன விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவர்கள் பட்டியல் எதுவும் கொடுக்கவில்லையாம். பிள்ளைகள் மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கினார்களாம், அதோடு சரி. அவர்களுக்கு விற்றால் எங்களுக்கு ஒரு வருஷக் கடன்தான் மிச்சம். ஒன்பது எங்கே, ஒன்று எங்கே. எனக்கு அந்த லாரிக்காரர் போதும். முன்பின் தெரியாதவர். அவர் எனக்காக எதையும் வாங்கவில்லை, நான் அவருக்கு எதற்கும் கடன்பட மாட்டேன். நீ விலகிவிடு.

முடிக்கும் முன் ஒன்று. உன் பட்டியலை நான் தனியாக இன்னொரு தடவை படித்தேன். பதினொன்றாவது வரி: 'மேல் தளத்தில் இரண்டு சிறிய அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரை இடித்து ஒன்றாக்க ஆகும் செலவு.'

அந்தச் சுவரில் ஒரு விரிசல் கிடையாது. ஈரம் கிடையாது. அது எப்படிக் குறையாகும்? எனக்காக வாங்குகிறவளுக்கு மாடிச் சுவர் எதற்கு இடிய வேண்டும்? பத்துக் குறை வீட்டுடையது. பதினொன்றாவது உன்னுடையது.

பதில் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் எழுதாதே.

அக்கா

*

மார்ச் 22

அக்கா,

எட்டு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். முதலில் எழுதியதெல்லாம் வக்கீல் எழுதியது போல இருந்தது. இது அப்படி இல்லை, அதனால் நன்றாகவும் இருக்காது.

வீட்டைப் பார்க்கப் போன அன்றைக்குத் தரகருக்கு ஒரு போன் வந்தது. கீழே வாசலுக்குப் போய்விட்டார். பத்து நிமிஷம் நான் மாடியில் தனியாக இருந்தேன். என் வேலைக்கு வடக்கு வெளிச்சம் வேண்டும். வெயில் நகர்ந்துகொண்டே இருந்தால் பல்லின் நிறத்தைச் சரியாகப் பார்க்க முடியாது. காலையில் பொருத்தமாக இருந்த பல் சாயங்காலம் மஞ்சளடிக்கும். அங்கே ஒரு அறையில் வடக்கு ஜன்னல் இருக்கிறது, மற்றதில் இடம் இருக்கிறது. நடுவில் அந்தச் சுவர். அதில் உள்ளங்கையை வைத்து ஜாண் ஜாணாக அளந்தேன். மேஜை இங்கே, மெழுகு அடுப்பு இங்கே, அச்சு ஊற்றும் இடம் இங்கே. இன்னொருவர் கடையில் சம்பளத்துக்குப் பல் செய்துகொண்டிருக்க வேண்டாம், என் பெயரில் ஒரு பலகை மாட்டலாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

சந்தோஷமாக இருந்தேன், அக்கா. நீ வெளியேற்றப்பட்ட வீடு என்பது மறந்துபோயிற்று என்று எழுதினேன், அடித்துவிட்டேன். மறக்கவில்லை. நினைவிருந்தது. நினைவிருந்தும் சந்தோஷமாக இருந்தேன். பிறகு படியிறங்கும்போதுதான் 'அக்காவுக்காக' என்ற சொல் எனக்குக் கிடைத்தது. கிடைத்ததும் மனசு லேசாகிவிட்டது. அன்றிலிருந்து அதையே சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். நீ பதினொன்றாவது வரியைப் படிக்கும்வரை.

போதுமா? இப்போது என் கோபத்தையும் கேள். நீ மட்டும்தான் கோபப்படப் பிறந்தவளா?

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், கட்டினவனை வேண்டாமென்று வந்து உன் மாடியில் இருந்தேனே, பதினொரு மாசம். யார் வந்தாலும், "தற்காலிகமா வந்திருக்கா" என்பாய். அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்வாய். செருப்பை வாசலில் விடாதே, வருகிறவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள் என்றாய். பதினொரு மாசமும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். நீ சோறு போட்டாய், துணி கொடுத்தாய், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தாய். எல்லாம் செய்தாய். நான் அங்கே இருப்பதை மட்டும் மறைத்தாய். ஆணி அடிக்கக் கூச்சம், குழாய் ஒழுகினால் பயம் என்று எவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறாய்! உனக்கு எப்படித் தெரிந்தது? அனுபவித்தவள் நானல்லவா?

அதனால் அந்த வீட்டில் எனக்கு ஒரு மேஜை போட வேண்டும். என் செருப்பை வாசலில், எல்லோரும் பார்க்கும்படி விட வேண்டும். இது நல்ல ஆசையா கெட்ட ஆசையா என்று தெரியவில்லை. எனக்கு வேண்டும்.

நான் விலகப் போவதில்லை. இரண்டு பேரிடமும் கடைசி விலையை மூடிய உறையில் கேட்டிருக்கிறது வங்கி. இருபத்தொன்பதாம் தேதிக்குள். நான் பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வங்கி முதலில் சொன்ன விலையையே, ஒரு காசு குறைக்காமல், எழுதப் போகிறேன். வளையல், வைப்புத்தொகை எல்லாம் போகும். மிச்சத்துக்குக் கடன், அறுபத்திரண்டு வயசு வரைக்கும். அதுவரை ஊரில் எல்லோருக்கும் பல் விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

உன் கடன் தீர்ந்துவிடும். அதை உனக்குச் செய்கிறேன் என்று நினைக்காதே. கீழே உன் ஒன்பது வருஷம் கிடக்க, மேலே நான் மேஜை போட்டு வேலை பார்க்க முடியாது, அதனால். கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுவேன். உனக்கில்லை. ரசீது கேட்கிற யாருக்காவது.

சின்னவள்

*

மார்ச் 26

சின்னவளுக்கு,

உனக்கு மூளை இருக்கிறதா?

அறுபத்திரண்டு வரைக்கும் கடன். நாற்பத்து நாலு வயசில் ஊசியில் நூல் கோக்க இரண்டு கண்ணாடி மாற்றுகிறாய். பல்லில் மயிரிழை வித்தியாசம் பார்க்கிற வேலை. ஐம்பத்தைந்தில் கண் ஏமாற்றினால் யார் கட்டுவது? கரையான் நிலை, துருக் குழாய், ஊறின சுவர், இதெல்லாம் நீ விளையாட்டுக்கு எழுதியதா? அத்தனையும் நிஜம். சாய்மழை நிஜம். அதையெல்லாம் பழுதுபார்க்க என்ன வைத்திருக்கிறாய்? வளையலையும் விற்கப் போகிறாய். நாங்கள் விழுந்த குழி உனக்குத் தெரியாதா? பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே, அதே குழியில் குதிக்கிறேன் என்கிறாய்.

லாரிக்காரர் குடும்பத்துக்குப் போகட்டும். நான் ஒரு வருஷம் கட்டிவிட்டுப் போகிறேன். வார்டு வார்டாக விரிப்பு எண்ணி எண்ணிக் கட்டிவிடுவேன். நீ உன் வாடகை வீட்டில் நிம்மதியாக இரு.

தற்காலிகமாக என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். நீ அடிபடாமல் இருக்கச் சொன்னேன் என்று எழுதலாம், நன்றாக இருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. தங்கச்சி புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள் என்று என் வாசலில் நின்று யாரும் உச்சுக் கொட்டக்கூடாது என்று இருந்தது. செருப்பை எண்ணுவார்கள் என்றது என் பயம். உன் காலில் போட்டுவிட்டேன்.

மன்னிப்பு கேட்க எனக்கு வராது. உனக்குத் தெரியும்.

விலையை எழுதாதே.

அக்கா

*

ஏப்ரல் 3

அக்கா,

எழுதிவிட்டேன். உன் கடிதம் இருபத்தெட்டாம் தேதி வந்தது. படித்துவிட்டுத்தான் போய் உறையைக் கொடுத்தேன். நான் படிக்கவில்லை, தபால் தாமதம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

வீடு எனக்கு வந்திருக்கிறது. பதிவு இருபத்து நாலாம் தேதி. என் பெயருக்கு மட்டும்.

தரகருக்கு என்மேல் இருந்த மரியாதை போய்விட்டது. "நானும் இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் மேடம். பதினோரு குறை எழுதிக் குடுத்துட்டு அப்புறம் முழு விலையும் குடுத்த ஆளை இப்பதான் பாக்கறேன். உங்களுக்கு வீட்டுல யாராவது மருந்து வெச்சாங்களா?" என்றார். கமிஷனை மட்டும் குறையில்லாமல் வாங்கிக்கொண்டார்.

வங்கியில் அந்த லாரிக்காரரும் மனைவியும் இருந்தார்கள். அதிகாரியம்மா முடிவைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்தாள். "எத்தனை பேருங்க உங்க வீட்டுல?" என்று கேட்டாள். நான் ஒருத்திதான் என்றேன். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பையில் அளவு நாடா வைத்திருந்தாள். ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவெடுத்திருந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். உனக்கும் எனக்கும் நடுவில் நடந்த சண்டையில் அவள் வீடு போயிற்று. அதையும் நான்தான் சுமக்க வேண்டும். ஊருக்குள் உனக்கு மட்டும்தான் வீடு போயிற்று என்று இனிமேல் நினைக்காதே.

கண் பற்றி எழுதியிருந்தாய். மருத்துவரிடம் போனேன். இப்போதைக்குப் பயமில்லை என்றார். உனக்காகப் போகவில்லை, கடனுக்குச் சான்றிதழ் கேட்டார்கள்.

என் கோபம் தீரவில்லை. நீ வெட்கமாக இருந்தது என்று எழுதிய வரியைப் படித்தபின் குறையும் என்று பார்த்தேன். கூடிவிட்டது. பன்னிரண்டு வருஷம் நான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று என்னையே கடிந்துகொண்டிருந்தேன். இல்லை, சரியாகத்தான் புரிந்திருக்கிறேன்.

பதிவுக்கு நீ வர வேண்டியதில்லை. வங்கி சார்பில் அவர்களே கையெழுத்துப் போடுவார்கள்.

சின்னவள்

*

ஏப்ரல் 20

சின்னவளே,

வங்கியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. பாக்கி ஏதுமில்லை, கணக்கு முடிக்கப்பட்டது என்று இரண்டே வரி. அத்தான் அதைப் படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனார். டயர் அடுக்குகளுக்கு நடுவில் ஒரு முக்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். மேலே வந்து, "வாங்கினது யாருன்னு போடலையே?" என்றார்.

இனி மறைக்க எனக்குத் தெம்பில்லை. "உங்க கொழுந்தியா" என்றேன்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "எனக்குன்னு ஏதாவது சொல்லியனுப்பினாளா?" என்று கேட்டார்.

"இல்ல."

"நல்லது" என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டார். ஒன்பது மாசத்தில் அவரே கேட்டு இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டது அன்றைக்குத்தான்.

உனக்கு நன்றி சொல்ல மாட்டேன். நீ எனக்குச் செய்யவில்லை என்று நீயே எழுதிவிட்டாய், அதனால் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குப் புரியுமோ என்னவோ. 'உனக்காக' என்று நீ எழுதிய கடிதத்தைப் படித்த அன்று, வேலையில் ஒரு கட்டு விரிப்பைத் தவறான வார்டுக்கு அனுப்பிவிட்டேன். 'எனக்கு வேண்டும்' என்று எழுதியதையும் படித்தேன். கோபம் தலைக்கேறியது. ஆனால் அன்றைக்கு விரிப்பெல்லாம் சரியான வார்டுக்கே போனது. உனக்கு வேண்டுமென்று நீ வாங்கிய வீட்டுக்கு நான் என்றாவது ஒருநாள் வரலாம். வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சுவர் நிறம் நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்காக வாங்கிய வீட்டுக்கு என்னால் வரவே முடிந்திருக்காது.

இந்த வருஷம் கூப்பிடாதே. கூப்பிட்டால் வரமாட்டேன், பிறகு அதற்கும் ஒரு சண்டை வரும். அடுத்த வருஷம் பார்க்கலாம். பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

அந்தத் தையல்காரப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். அவள் கீழ்த்தளத்துக்கு வாடகைக்கு வருவாளா என்று கேட்டுப் பார். வரமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நானாக இருந்தால் வரமாட்டேன். இருந்தாலும் கேள். ரசீது கொடு.

இதற்குக் கீழே எழுதுவது அத்தானுக்குத் தெரிய வேண்டாம். அந்த வீட்டில் பின்பக்கம் சமையலறைக் கதவின் பூட்டை வங்கிக்காரர்கள் மாற்றவில்லை. முன்கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டு, முத்திரை வைத்து, படம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. இந்த ஒன்பது மாசத்தில் என்னிடம் இருக்கும் பழைய சாவியால் நான் ஐந்து தடவை உள்ளே போய் வந்திருக்கிறேன், வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில். ஒன்றும் எடுக்கவில்லை. ஒரு தடவை தரையைப் பெருக்கினேன். மற்ற தடவையெல்லாம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

இருபத்து நாலாம் தேதி உன் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பூட்டை மாற்று. சாவியைத் திருப்பிக் கொடு என்று என்னைக் கேட்காதே, கொடுக்க மாட்டேன். பூட்டை மாற்று.

அக்கா